நூறு பேர் நடந்தால் ஒரு பாலம்

சிலுக்கம்பட்டி என்று ஒரு ஊர். ஆடு நிறைய, யோசனை குறைவு. சிரிக்கிறதாயிருந்தால் கடைசியில் சிரியுங்கள். நடுவில் சிரித்தால் எனக்குக் கோர்வை விட்டுப்போகும்.

அந்த ஊர் வழியாக ஒரு பாதை போகிறது. கடலோரத்தில் கிளம்பி மலைக்கோயில் வரைக்கும் நூற்றைம்பது கிலோமீட்டர். ரோடு இல்லை. வரப்பு, கண்மாய்க்கரை, பொட்டல், கருவேலங்காடு என்று அதுபாட்டுக்குப் போகும். மாலை போட்டவர்கள் நடப்பார்கள். கொஞ்ச நாளாகச் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களும் வருகிறார்கள். வீட்டில் கார் வைத்திருப்பவர்கள்தான். இருந்தாலும் மிதிப்பார்கள்.

ஊரை ஒட்டி இந்தப் பாதை ஒரு ஓடையில் இறங்கி ஏறும். முழங்கால் தண்ணீர்தான். ஆனால் அடியில் பாசி, மேலே இழுப்பு.

இந்த ஓடையில்தான் சன்னாசி மகளின் கல்யாணம் மாட்டிக்கொண்டது.

மகள் பேர் இருளாயி. புத்திசாலி. அந்த ஊரில் எப்படிப் பிறந்தாள் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பரிசம் போட வந்த அன்று மாப்பிள்ளையின் அப்பா ஆண்டிச்சாமி ஓடையில் வழுக்கி விழுந்தார். எழுந்தார். வேட்டி எழவில்லை. அகலக்கரை பட்டுவேட்டி. கிழக்கே பார்த்துப் போயேவிட்டது.

பட்டாப்பட்டி அண்டர்வேரோடு கரையில் நின்றுகொண்டு அவர் சொன்னார்:

"சன்னாசி, இந்த ஓடைக்குப் பாலம் வரட்டும். பாலத்து மேல நடந்து வந்து உன் பொண்ணைக் கூட்டிட்டுப் போறோம். பாலம் இல்லேன்னா பொண்ணும் வேணாம், பரிசமும் வேணாம்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மாப்பிள்ளை தங்கப்பழம் இருளாயியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனான். அவனும் ஒரு தடவை வழுக்கினான். அவன் பேன்ட் போட்டிருந்தான். தப்பித்தான்.

சன்னாசி மனுப்போட்டார். எட்டு மனு. ஒன்பதாவதுக்கு ஒரு அதிகாரி வந்தார். மங்கையர்க்கரசி என்று பேர். ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பாதையில் நடந்து ஓடையைத் தாண்டி வந்தார்.

"பாலம் கட்டலாங்க. ஆனா இந்தப் பாதையில ஆள் போறாங்கன்னு கணக்கு வேணும். திங்கள்ல இருந்து வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உக்காந்து எண்ணுங்க. நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்க, எல்லாம் சேர்த்து நூறு பேர் வந்துட்டா பாலம்."

"எப்படிம்மா எண்ணணும்?"

"உங்களுக்கு எப்படி எண்ணிப் பழக்கமோ அப்படியே எண்ணுங்க. ரெண்டே விஷயம். ஒருத்தரையே ரெண்டு தடவை எண்ணக் கூடாது. போறவங்களை நிறுத்தக் கூடாது. அவங்க நடந்துக்கிட்டே இருக்கணும்."

போய்விட்டார். 'பழக்கப்படி' என்று அந்த ஊரில் போய்ச் சொல்லியிருக்கக் கூடாது. அவருக்குத் தெரியாது, பாவம்.

சிலுக்கம்பட்டியில் ஆடு எண்ணுவது எப்படி என்றால், பட்டியில் ஒரு ஆள் நுழையும் சந்து விடுவார்கள். ஒவ்வொரு ஆடாக அதில் வரும். ஒரு ஆட்டுக்கு ஒரு புளியங்கொட்டை பானையில் விழும். எண்ணின ஆட்டின் பின்பக்கம் செங்காவியில் ஒரு குறி. அப்புறம் அதை வேறொரு பட்டிக்குள் தள்ளிப் படலைச் சாத்திவிடுவார்கள். எண்ணினதும் எண்ணாததும் கலக்கக் கூடாது. முகத்தைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. ஆட்டுக்கு முகம் எல்லாம் ஒன்றுதான். குறி இருந்தால் எண்ணினது, இல்லையென்றால் எண்ணாதது. அவ்வளவுதான் சட்டம்.

இப்போது புரிந்திருக்குமே.

திங்கட்கிழமை காலை ஓடைக்கரையில் புங்கமரத்தடியில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பெண்ணைப் பெற்ற சன்னாசி. அவர் மச்சினன் மொக்கராசு. சித்தப்பா மகன் சீனிச்சாமி. ரெண்டு பானை. நடக்கிறவருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று. காவி கரைத்த தகர டப்பா. மரத்துக்குப் பின்னால் மூங்கில் படல் வைத்துக் கட்டிய பெரிய பட்டி. படலுக்கு வெளியே நாலு கிடைநாய்.

முதலில் வந்தவர் மலைக்கோயிலுக்கு நடக்கிற பெரியவர். கொட்டை விழுந்தது. சீனிச்சாமி காவியோடு எழுந்தான். நின்றான்.

"அண்ணே, ஆட்டுக்கு வாலுக்குப் பக்கத்துல வைப்போம். இவருக்கு வால் இல்லையே?"

மூவரும் அவரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். இல்லைதான்.

"நெத்தியில வைங்கப்பா" என்றாள் கஞ்சி கொண்டுவந்த இருளாயி. "வைக்கவே வேணாம்னு சொன்னா கேக்கவா போறீங்க?"

"நெத்தியில ஏற்கெனவே திருநீறு, சந்தனம், குங்குமம்னு மூணு குறி வச்சிருக்காரு" என்றார் மொக்கராசு. "நம்ம குறி எது, சாமி குறி எதுன்னு எப்படித் தெரியும்? வால் இருந்தா எங்க இருக்குமோ அங்க வைடா."

பெரியவர் வேட்டியின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக விழுந்தது.

"என்னய்யா இது!"

"கணக்குங்க. அரசாங்கக் கணக்கு."

பெண்களுக்கு மட்டும் முந்தானையில், அதுவும் தன் கையால்தான் என்று இருளாயி சொல்லிவிட்டாள். அந்த மட்டுக்கு ஊர் மானம் தப்பியது.

பெரியவரைப் பட்டிக்குள் விட்டுப் படலைச் சாத்தினார்கள். அவர் உள்ளே நின்று கத்தினார். சன்னாசி பதறிப்போனார்.

"ஐயா, நிக்காதீங்க! உங்களை நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. நீங்க நடந்துக்கிட்டே இருக்கணும்."

"எங்கய்யா நடக்கிறது?"

"உள்ளயே வட்டமா நடங்க. யாரும் தடுக்க மாட்டோம்."

பெரியவர் நாயைப் பார்த்தார். நடக்க ஆரம்பித்தார்.

மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். தலையில் பிளாஸ்டிக் சட்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, தோலோடு ஒட்டின கால்சட்டை. பாசி வழுக்குமே என்று சைக்கிளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினார்.

சீனிச்சாமி கொட்டையைக் கையில் பிடித்தபடி யோசித்தான். "இவரை எந்தப் பானையில போடுறது?"

"நடந்துதானடா வர்றாரு."

"சைக்கிள் இருக்கே."

"சைக்கிள் இருக்கு. ஆனா அவரு சைக்கிள்ல வரலை. சைக்கிள்தான் அவரு மேல வருது."

இது புது விஷயம். மூன்று பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவரும் சைக்கிளை இறக்கப் போனார்.

"இறக்காதீங்க! முடிவாகட்டும்" என்று அதட்டினார் மொக்கராசு.

அரைமணி நேரம் பேசினார்கள். ஆள் நடக்கிறார், அது நடைப்பானை. சைக்கிள் ஆள் மேல் சவாரி செய்கிறது, ஆக சைக்கிளுக்கு அவர்தான் வண்டி. ரெண்டு பானைக்கும் ரெண்டு கொட்டை போடலாம் என்றான் சீனிச்சாமி. சன்னாசிக்கு ஆசைதான். இருந்தாலும் மனுஷன் நேர்மையானவர்.

"வேணாம்டா. பொய்க் கணக்குல வர்ற பாலம் நிக்காது. ஒரு கொட்டையை ரெண்டா உடை. ஆளுக்குப் பாதி, சைக்கிளுக்குப் பாதி."

புளியங்கொட்டையை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கல்லை வைத்துத் தட்டினார்கள். ஒரு பாதி பானையில் விழுந்தது. இன்னொரு பாதி கோயம்புத்தூர்க்காரரின் நெற்றியில் பட்டது. அதற்குத்தான் சட்டி போட்டிருந்தாரே, கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டிருக்கலாம்.

அவரும் உள்ளே போனார். குறியோடுதான். பெரியவர் வலப்பக்கமாகச் சுற்ற, இவர் சைக்கிளில் இடப்பக்கமாகச் சுற்றினார்.

செவ்வாய்க்கிழமைக்குள் நாற்பது பேர் ஆயிற்று. ரெண்டு பஜனைக்குழு, ஒரு ஐஸ்காரர், சைக்கிளில் பாத்திரம் விற்கிறவர், மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு நடந்தே மகள் வீட்டுக்குப் போன ஒரு அம்மா. பட்டிக்குள் தூசி பறந்தது. வேளாவேளைக்குக் கஞ்சி, துவையல், மோர். சாப்பிடும்போதாவது உட்காரட்டும் என்று இருளாயி அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தாள். தூங்கவும் அனுமதி உண்டு. ஆடே தூங்குகிறதே.

"ஏப்பா, இது கணக்கா, கடத்தலா?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தாம்மா" என்றார் சன்னாசி. கண் கலங்கியிருந்தது. அவள் போய் இன்னொரு பானை கஞ்சி காய்ச்சினாள். அவளுக்கும் தங்கப்பழத்தைப் பிடித்திருந்தது.

புதன்கிழமை தொண்ணூறு. உள்ளே சிலருக்குப் பழகிவிட்டது. பஜனைக்குழுக்கள் ரெண்டும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. மருமகளோடு சண்டை போட்ட அம்மா, எத்தனை நாளானாலும் இருக்கத் தயார் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் சேதி வெளியே கசிந்துவிட்டது. 'சிலுக்கம்பட்டியில் ஆளைப் பிடித்துப் பின்னால் சாயம் அடித்துப் பட்டியில் அடைக்கிறார்கள்.' பாதையில் வருகிறவர்கள் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் வரை வந்தது எட்டே பேர். அதில் ரெண்டு பேர் காது கேட்காதவர்கள்.

தொண்ணூற்றெட்டு.

தொண்ணூற்றொன்பதாவதாக ஆண்டிச்சாமி வந்தார்.

பாலத்துக்கு ஒரு கல்கூட விழவில்லை, சம்பந்தத்தை முறித்துவிடலாம் என்று கிளம்பி வந்திருந்தார். தன்னிடம் மிச்சம் இருந்த ஒரே பட்டுவேட்டியைக் கட்டியிருந்தார். கல்யாணப் பேச்சு என்றால் பட்டுவேட்டிதான் கட்டுவார். முறிக்கிற பேச்சானாலும் அதுதான். இந்தத் தடவை வேட்டியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டே ஓடையைத் தாண்டினார்.

"சன்னாசி, நான் வந்தது எதுக்குன்னா..."

பின்னால் சில்லென்று ஏதோ பட்டது. திரும்பினார். சீனிச்சாமி காவித்தூரிகையோடு கும்பிட்டான்.

"டேய்! பட்டுடா!"

"தெரியுதுங்க. காவியை நல்லா இழுக்குது."

அவரும் உள்ளே போனார். படலைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் நாய்களே ஒதுங்கி நின்றன. சன்னாசி ஓடி வந்தார். சம்பந்தி ஆயிற்றே. சீனிச்சாமியைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"டேய், அவரு எது கேட்டாலும் குடு. ஒண்ணும் இல்லேன்னு மட்டும் சொல்லாத."

ஆண்டிச்சாமி வெளியே விடு என்றுதான் முதலில் கேட்டார். அது கேட்டால் கொடுக்கிற பொருள் இல்லை என்று சீனிச்சாமி விளக்கினான். கடைசியில் அவர் அலுத்துப்போய், "மெல்றதுக்காவது ஏதாச்சும் கொண்டா" என்றார்.

சீனிச்சாமி சுற்றிப் பார்த்தான். இல்லையென்று சொல்லக் கூடாது. பானை ரெண்டு இருந்தது. பானைக்குள் புளியங்கொட்டை இருந்தது. மணலில் போட்டுப் பதமாக வறுத்து, தோல் நீக்கி, உப்புத்தண்ணீர் தெளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

நல்ல பல் அவருக்கு. எழுபது கொட்டை தின்றார். மிச்சத்தை ஐஸ்காரருக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒருத்தரும் வரவில்லை. காலை போயிற்று. மத்தியானம் போயிற்று. மொக்கராசு பாதையில் அரைக் கிலோமீட்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தூரத்தில் ஒரு ஆள் வந்தானாம். இவரைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினானாம்.

"சைக்கிள் இருக்குல்ல? அதை எண்ணலாமே" என்றான் சீனிச்சாமி.

"அது படுத்திருக்குடா. போகலை."

நாலரை மணிக்கு மங்கையர்க்கரசி வந்தார்.

"கணக்கு எங்கங்க?"

சன்னாசி பானையைக் கவிழ்த்தார். நடைப்பானையிலிருந்து ஒன்றும் விழவில்லை. சைக்கிள் பானையிலிருந்து அந்தப் பாதிக் கொட்டை விழுந்தது.

"கணக்கு சம்பந்தி வயித்துல இருக்கும்மா" என்றான் சீனிச்சாமி. "அவரு கேட்டாரு. இல்லேன்னு சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு."

சன்னாசி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மங்கையர்க்கரசி பெருமூச்சு விட்டு, கொண்டுவந்திருந்த ஆபீஸ் கோப்பை மூடினார்.

"கணக்கு இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"கொட்டைதானேம்மா இல்லை?" என்றார் மொக்கராசு. "எண்ணின ஆளுங்க அப்படியே இருக்காங்க. ஒருத்தரையும் வீணாக்கலை."

மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

மங்கையர்க்கரசி படலுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பட்டிக்குள் ஜனம் வட்டமாக நடந்துகொண்டிருந்தது. நடுவில் பஜனை. ஓரத்தில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு சுற்றின. எல்லார் பின்பக்கமும் சிவப்பு.

"நிறுத்தவே இல்லைம்மா" என்றார் சன்னாசி. "நீங்க சொன்ன மாதிரி."

மங்கையர்க்கரசி அரசாங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். இதைவிட மோசமாகவும் பார்த்திருப்பார். விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். ரெண்டு தரம் எண்ணினார்.

"தொண்ணூத்தொன்பது. ஒண்ணு குறையுதுங்க."

உள்ளே இருந்து ஆண்டிச்சாமி துள்ளிக் குதித்தார். "கேட்டியா சன்னாசி? ஒண்ணு குறையுது! பாலம் இல்ல! கல்யாணம் இல்ல! ஊரே, கேட்டுக்க!"

மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். இருளாயி மரத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் அதிகாரியின் காலைப் பார்த்தாள். கணுக்கால் வரைக்கும் ஓடைச்சேறு.

"ஏம்மா, நீங்க எதுல வந்தீங்க?"

"ஜீப்தான் இந்த ஓடையைத் தாண்டாதே. பாதையில நடந்துதான்..."

சொல்லி முடிக்கவில்லை. சீனிச்சாமி காவியோடு நின்றான். அவர் கண்ணைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, கோப்பின் அட்டையில் குறியை வைத்தான். மொக்கராசு படலைத் திறந்தார்.

அதிகாரி உள்ளே நின்றபடி கையெழுத்துப் போடப் போனார்.

"நிக்காதீங்கம்மா, நடங்க" என்று தொண்ணூற்றொன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பழகிவிட்டது அவர்களுக்கு.

நடந்துகொண்டே எழுதினார். 'நூறு பேர். நேரில் கண்டேன்.' அந்தக் கையெழுத்து கோணலாக இருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வெளியே வந்ததும் சத்தம் போட்டார். "எல்லாரையும் முதல்ல விடுங்க!"

"விட்டுடுறோம்மா. ஆனா எண்ணின ஆளு மறுபடி இந்தப் பக்கம் வந்தா?"

"வந்தா எண்ணாதீங்க. அவ்வளவுதான்!"

போய்விட்டார். எண்ணுங்கள் என்று சொன்னவர், போகும்போது போதும் நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. பார்த்தீர்களா?

ஆறு மாதத்தில் பாலம் வந்துவிட்டது. சின்னப் பாலம், ஆனால் அழகு. மூன்று பேரும் புங்கமரத்தடியிலிருந்து எழுந்து பாலத்து முனையில் உட்கார்ந்தார்கள். பட்டி இல்லை. பானையும் காவியும் உண்டு. முதல் தடவை பாலத்தில் வருகிறவருக்கு ஒரு கொட்டை, ஒரு குறி. குறியோடு வருகிறவர் எண்ணின ஆள். அவரை எண்ணக் கூடாது. பாலத்தில் விட்டால் கண் தன்னால் எண்ணிவிடும். ஆகையால் அவர் கீழே ஓடையில் இறங்கிப் போகவேண்டியது.

இருளாயி மறுநாளே சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். குறி இல்லை. "புது ஆளு" என்று பெற்ற அப்பனே கொட்டை போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் துணியை மாற்றி மாற்றிப் போய்வந்தார்கள். மாற்றுத்துணி இல்லாதவர்கள் புதுப்பாலத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடையில் நடந்தார்கள்.

கல்யாண நாளும் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு அக்கரையில் நின்றார்கள். ஆண்டிச்சாமி முன்னால் நின்றார். சொன்ன சொல் மாறாதவர். பாலம் வந்தது, மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரிடம் இருந்ததோ ஒரே பட்டுவேட்டி. ஏழு தடவை வெளுக்கப் போட்டும் ஆட்டுக்காவி போகவில்லை. மேலே துண்டைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்.

ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்தான் சீனிச்சாமி. மாப்பிள்ளை புதுசு, போகலாம். நாதஸ்வரம் புதுசு. தவில் புதுசு. ஆண்டிச்சாமியின் துண்டைத் தூக்கினான்.

"அண்ணே, இவரு எண்ணினவரு."

சன்னாசி கையைப் பிசைந்தார். "சம்பந்தி, கோச்சுக்கக் கூடாது. எங்களுக்கு உத்தரவு அப்படி. நீங்க மட்டும் ஓடையில இறங்கி வந்துடுங்க."

"டேய், இந்த ஓடைக்காகத்தானடா பாலமே கேட்டேன்!"

"பாலம் வந்துருச்சே. பாருங்க, எவ்வளவு நல்லா இருக்கு."

முகூர்த்தம் பத்தரைக்கு. மணி பத்தேகால். தங்கப்பழம் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கெஞ்சினான். ஆண்டிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். ரெண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். நாலு எட்டு நடந்தார். அந்த நேரம் பார்த்துப் பாலத்து மேலிருந்து மேளகாரர் கெட்டிமேளம் போட்டுப் பழகிப் பார்த்தார். ஆண்டிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். பாசி.

விழுந்தார். எழுந்தார். வேட்டி எழவில்லை.

தட்டுத்தடுமாறிப் பழைய கரையிலேயே ஏறினார், பட்டாப்பட்டியோடு. வந்தவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சன்னாசி மட்டும் ஓடிப்போய் அவரைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"குறி இல்ல! சீனி, புது ஆளுடா! போடு கொட்டையை! வாங்க சம்பந்தி, இப்ப நீங்க பாலத்துல வரலாம்!"

கையைப் பிடித்து, மேளம் முழங்க, நடுப்பாலம் வரைக்கும் கூட்டி வந்தார். ஆண்டிச்சாமிக்கு அங்கேதான் நினைவு வந்தது.

"வேட்டி! என் வேட்டியைப் பிடிங்கடா!"

கீழே மொக்கராசு ஏற்கெனவே ஓடையில் பாய்ந்திருந்தார். ஓடிப்போய் வேட்டியை எட்டிப் பிடித்துவிட்டார். ஊரே கைதட்டியது. வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாலத்தின் அடிக்கு வந்தார். ஆண்டிச்சாமி மேலே குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். ஒரு முழந்தான் பாக்கி.

மொக்கராசு கொடுக்கப் போனவர் நிறுத்தினார். வேட்டியை விரித்தார். திருப்பிப் பார்த்தார்.

"மச்சான், இது எண்ணினது" என்றார்.

ஓடையில் திரும்ப விட்டுவிட்டார்.